உப்பும் உரிமையும்

மனிதன் தன் உரிமைகளுள் வேறெதனை இழக்க ஒருப்படினும், தன் இலையில் விழும் சோற்றின்மேல் தனக்குள்ள உரிமையை எளிதில் விட்டுக்கொடான். எதை உண்பது, எதை விலக்குவது என்பன அவரவர் மனத்துக்கும் வழக்கத்துக்கும் உரியன என்பதே உலகத்தார் துணிபு. சீர்திருத்தம் பேசும் நாமும் அவ்வுரிமையைப் போற்றுகின்றோம். இன்னாருடன் அமர்ந்து உண்ணலாகாது, இன்னார் தொட்டதை உண்ணலாகாது என்று பிறர் பூட்டிய விலங்குகளை உடைக்கப் பாடுபட்ட இயக்கத்தார், உணவில் பிறர் தலையிடுவதை ஐயக்கண் கொண்டு நோக்குதல் இயல்பே. அங்ஙனமிருக்க, ஓர் அரசாங்கம் முன்வந்து, "நீ உண்ணும் உப்பில் ஒரு பொருளைக் கலக்கச் செய்வோம், கலவாத உப்பை உணவுக்கென விற்பவன் குற்றவாளி" என்று சட்டம் செய்யுமாயின், நாம் அதனை வரவேற்பதா, எதிர்ப்பதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கலக்கப்படும் அப்பொருள் அயோடின்.

அளவிற் சிறியது

1811ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் வெடியுப்புத் தொழில் செய்துவந்த பெர்னார் கூர்த்துவா என்பார், கடற்பாசியை எரித்த சாம்பலினின்று ஊதா நிறமுள்ள ஆவி எழக் கண்டார். அவ்வாவி குளிர்ந்து படிந்த பொருளே பின்னர் அயோடின் எனப் பெயர் பெற்றது. நம் கழுத்தின் முன்புறத்தில் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பி, தன் சுரப்பு நீரை ஆக்குதற்கு இப்பொருள் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராமும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எழுபதாண்டு வாழ்வுக்கு வேண்டுவது அனைத்தையும் கூட்டினாலும் 4 கிராமுக்குச் சற்றே குறைவு. ஆயின், அதனை ஒரே நாளில் உண்டு தீர்த்துவிட இயலாது. நாடோறும் சிறிது சிறிதாகக் கிடைத்தல் வேண்டும்.

இத்துணைச் சிறிய பொருள் இல்லாவிடில் நேர்வது யாது? சுரப்பி தன் பணியைச் செய்யப் பெரிதும் முயன்று வீங்கும். அவ்வீக்கமே முன்கழுத்துக் கழலை. கண்ணுக்குத் தோன்றும் அக்கழலையினும் கொடியது, கண்ணுக்குத் தோன்றாத கேடு. கருவிலுள்ள குழந்தைக்கு முதல் மூன்று திங்கள் வரையில் தன் சுரப்பி தொழிற்படாது. அது தாயின் சுரப்பு நீரையே நம்பியிருக்கும். தாய்க்கு அயோடின் மிகக் குறையுமாயின், குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். செவிட்டூமையாகவும், குறுகிய உடலும் தேறாத அறிவும் உடையதாகவும் அக்குழந்தை பிறத்தல் கூடும். பிறந்தபின் கொடுக்கும் எம்மருந்தும் அவ்விழப்பை முற்றும் ஈடு செய்யாது. குறைவு சிறிதாயினும் பயன் தீயதே. பிரிட்டனில் நிகழ்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கருவுற்ற காலத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள், எட்டு ஒன்பது வயதில், சொல்லறிவிலும் படிப்பிலும் சற்றுப் பின்தங்கியிருக்கக் கண்டது. அப்பிள்ளைகளை நோயாளிகள் என்று எவரும் சொல்லார். "மந்தம்" என்றே சொல்லுவர்.

விதி என்னும் பெயர்

அயோடின் நிலத்தினின்று பயிருக்கும், பயிரினின்று மாட்டுக்கும் மனிதர்க்கும் வருவது. ஓயாத மழையும் உருகும் பனியும் மலைநாட்டு மண்ணினின்று அதனை அரித்துக் கடலிற் சேர்த்துவிடுகின்றன. ஆதலின், மலைச்சாரல்களிலும் வெள்ளம் அடிக்கடி பரவும் சமவெளிகளிலும் விளையும் தானியமும் கீரையும் பார்வைக்குச் செழித்திருந்தும் அயோடின் அற்றிருக்கும். கண்ணும் நாவும் மூக்கும் அவ்வின்மையைக் காட்டிக்கொடா.

இமயமலைச் சாரல் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கழுத்து வீங்கிய மக்கள் வாழ்ந்தனர்; வாய்பேசாக் குழந்தைகள் வீடுதோறும் பிறந்தனர். காரணம் அறியாத இடத்தில் மனிதன் கற்பனையால் காரணம் செய்துகொள்வான். முற்பிறப்பின் வினை, தெய்வத்தின் சினம், பெற்றவள் செய்த பாவம் என்பனவே நம் நாட்டில் இத்தகைய துன்பங்களுக்குச் சொல்லப்பட்டுவந்த விளக்கங்கள். குழந்தையை இழந்தாற்போன்ற தாய்க்கு, குற்றவாளி என்னும் பழியும் சேர்ந்தது.

1956ஆம் ஆண்டு தொடங்கி, மருத்துவ அறிஞர் ராமலிங்கசுவாமியும் அவர்தம் துணைவரும் காங்கிராப் பள்ளத்தாக்கில் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாக்கி, இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றிற்கு வெறும் உப்பும் வழங்கினர். ஐந்தாண்டு கழித்துப் பார்க்கையில், முன்னைய இரு பகுதிகளிலும் கழலை பெரிதும் குறைந்திருந்தது. வெறும் உப்புப் பெற்ற பகுதியில் குறையவில்லை. 1962க்குப் பின் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட, ஆண்டும் கழலை குறைந்தது. பூசை மாறவில்லை, பிறப்பு மாறவில்லை, மக்கள் செய்த புண்ணிய பாவங்களின் கணக்கும் மாறவில்லை. உப்பு ஒன்றே மாறிற்று. வினை என்று வழங்கிய பெயர் அன்றோடு பொய்த்தது.

அவ்வாராய்ச்சியை எண்ணுந்தோறும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்தாமற் போகாது. ஐந்தாண்டுக் காலம் வெறும் உப்பு உண்ட அம்மூன்றாம் பகுதியார், நாட்டின் அறிவுக்காகத் தாம் ஒரு விலை கொடுத்தனர். அவர்கள் கொடுத்த விலையால் கிடைத்த அறிவு இன்று நம் கையில் உள்ளது. அதனைப் பயன்படுத்தாமல் அடுக்கில் வைத்திருப்போமாயின், அவர்க்கு நாம் கடன்பட்டவராவோம்.

இங்கேதான் அறத்தைப் பற்றிய நம் முதற் கருத்து பிறக்கின்றது. ஒரு துன்பத்தின் காரணம் அறியப்படாத வரையில் அது துயரம், எவர்மீதும் குற்றமில்லை. காரணம் அறியப்பட்டு, நீக்கும் வழியும் கண்டு, அவ்வழி எளியதாகவும் மலிந்ததாகவும் இருந்தபின் அத்துன்பம் நீடிக்குமாயின், அது அநீதி. இயற்கையின் கணக்கில் இருந்தது, அறிவு வந்த நாளிலேயே நம் கணக்குக்கு மாறிவிடுகின்றது. பகுத்தறிவு என்பது மூடக்கருத்தை மறுக்கும் வாய்வீரம் மட்டுமன்று; மறுத்த இடத்தில் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் தோளும் ஆகும். "வினையன்று" என்று சொல்லியவன், "அப்படியாயின் எவர் கடமை?" என்னும் அடுத்த வினாவுக்கு விடை சொல்லவேண்டும்.

மறுப்பார் கூற்று

அக்கடமையை அரசாங்கம் சட்டத்தால் நிறைவேற்றலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்திய நாட்டில் அவ்வேறுபாடு நெடிய வழக்காகவே நடந்தது. 1962இல் தொடங்கிய கழலைத் தடுப்புத் திட்டம், பின்னர் உண்ணும் உப்பு அனைத்துக்கும் அயோடின் சேர்ப்பது என்னும் கொள்கையாக விரிந்தது. 1998இல் அயோடின் இல்லாத உப்பை உணவுக்கென விற்றல் நாடெங்கும் தடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில், இது மக்கள் அறிந்து தெரிந்துகொள்ளத்தக்கது, வற்புறுத்தத்தக்கதன்று என்னும் காரணத்தால், நடுவண் அரசு அத்தடையை நீக்கிற்று. 2006இல் தடை மீண்டது. 2011 ஜூலைத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம், உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் இவ்விதி செய்ய அரசுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. எனினும், உடனே நீக்கினால் மக்கள் நலத்துக்குக் கேடு நேரும் எனக் கருதி, ஆறு திங்கள் தவணையும் தந்தது. அவ்வாண்டே புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில் அத்தடை வேறொரு சட்டத்தின்கீழ் இடம்பெற்றது.

மறுப்பார் கூற்றை எள்ளி நகையாடுதல் நேர்மையன்று. அவர்கள் சொல்வன மூன்று. உப்பின்மேல் ஆள்வோர் கை வைப்பதை நம்மவர் முன்னரே கண்டுள்ளனர் என்பது முதலாவது. 1930இல் தண்டியிலும், திருச்சியினின்று வேதாரணியத்துக்கு இராசகோபாலாச்சாரியார் நடத்திச் சென்ற படையிலும், ஒரு பிடி உப்பே விடுதலையின் அடையாளமாயிற்று. இரண்டாவது, தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் சிறு பாத்திகளில் உப்பு விளைவிப்போர், கலக்கும் எந்திரம் வாங்க வகையற்றுப் பெருமுதலாளிகளிடம் சந்தையை இழப்பர் என்பது. மூன்றாவது, அயோடின் எல்லார்க்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை என்பது.

மூன்றாவதிலும் உண்மை இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் 1966இல் ரொட்டியில் அயோடின் சேர்த்தபோது, நெடுங்காலம் அயோடின் குறைந்திருந்த முதியோர் சிலர்க்குச் சுரப்பி மிகையாகத் தொழிற்படும் நோய் சில ஆண்டுக் காலம் கூடுதலாகக் காணப்பட்டது. சப்பானில் ஹொக்கைடோக் கடற்கரையில், கொம்பு என்னும் கடற்பாசியை மிகுதியாக உண்டோர்க்கு அயோடின் மிகுதியாலேயே கழலை வந்ததும் உண்டு. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. ஆகவே, பொதுவாக அளிக்கும் நன்மை சிலர்க்குத் தீங்காதல் கூடும் என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்லவேண்டும்.

விடை

இம்மறுப்புகளைக் கேட்டபின்னும் நாம் பொது உப்பின் பக்கமே நிற்கின்றோம். காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

உரிமை என்பது தன் செயலின் பயனைத் தானே ஏற்பவனுக்குரியது. புகைப்பவன் தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறான் எனின், அது அவன் பாடு என்று ஒருவாறு சொல்லலாம். அயோடின் குறையிலோ, தெரிந்தெடுப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். உப்புப் பையைக் கடையில் எடுப்பவர் தந்தையாகவோ பாட்டியாகவோ இருப்பார். சோற்றை உண்பவள் தாய். அறிவை இழப்பது இன்னும் பிறவாத குழந்தை. அக்குழந்தையின் இசைவை எவரும் பெற இயலாது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியை எடுத்து, தைராய்டுச் சுரப்பி சரிவரத் தொழிற்படுகின்றதா என்று பார்க்கின்றனர். அக்குழந்தை இசைவு தந்ததா என்று எவரும் வழக்காடவில்லை. பேச இயலாதவர்க்காகப் பிறர் முன்யோசித்தல் அடக்குமுறையாகாது, அது காவல்.

"தாய்க்கு அறிவுறுத்தினால் போதாதா?" எனின், போதாது. கருவுற்றதைத் தாய் உணர்வதற்குள்ளேயே சில வாரங்கள் கழிந்துவிடுகின்றன. குழந்தை தாயின் சுரப்பு நீரை முற்றும் நம்பியிருக்கும் காலம் அதுவே. மருத்துவர் சொல்லி, அவள் கேட்டு, கடைக்குச் சென்று வாங்கி உண்ணத் தொடங்குமுன் வேண்டிய பொழுது கடந்துவிடக்கூடும். அறிவுரை வந்து சேருமுன் சென்று சேரக்கூடிய ஒரே வழி, அவள் முன்பிருந்தே உண்டுவரும் அன்றாட உணவு.

இனி, இச்சட்டம் பறிப்பது யாது என்று பாருங்கள். அயோடின் உப்பின் சுவையை மாற்றாது. எச்சமயத்தார் நோன்பையும் முறிக்காது. எவர் கொள்கைக்கும் மாறான பொருளை இலையில் இடாது. இந்தியச் சட்டம் விற்பவனைக் கட்டுகின்றதேயன்றி உண்பவனைத் தண்டிக்கவில்லை. 1930இன் உப்புச் சட்டம் ஏழையின் கஞ்சியினின்று அரசாங்கத்தின் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டது. இது ஏழையின் கஞ்சிக்குக் கொடுக்கின்றது. உப்பின்மேல் ஆள்வோர் கை வைத்தாரா என்பது போதிய கேள்வியன்று. அக்கை எடுத்ததா, கொடுத்ததா என்று கேட்டல் வேண்டும்.

எனினும், கொடுப்பவர்க்கும் நெறிகள் உண்டு. கலப்பது யாது, எவ்வளவு என்பதைப் பையின்மேல் எழுதவேண்டும். மக்களின் உடலில் அயோடின் அளவை அவ்வப்போது ஆய்ந்து, கூட்டவோ குறைக்கவோ வேண்டும். சிறு உப்பளத்தார்க்கு எந்திரமும் பயிற்சியும் அரசு தரவேண்டும். பணக்காரன் மட்டுமே நிறைவேற்றக்கூடிய நன்மையை ஏழைத் தொழிலாளி தலையில் சுமத்துதல் அறமாகாது. 2018–19ஆம் ஆண்டில் நிகழ்ந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் குடும்பங்கள் இந்தியா முழுதும் 76.3 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடாகவே இருந்தன. மாநிலங்களுள் இதுவே கடைநிலை. உப்பு விளையும் மண்ணிலேயே நல்லுப்புக் குறைந்தது நோக்கத்தக்கது. சட்டம் மட்டும் செய்துவிட்டு, உப்பளத்தாரையும் ஊராரையும் அழைத்துச் செல்லாத இடத்தில் சட்டம் ஏட்டிலேயே கிடக்கும்.

வற்புறுத்தல் ஒன்றே வழி என்றும் நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1917 முதல் டேவிட் மரைன், கிம்பல் என்னும் இருவர் பள்ளிச் சிறுமியர்க்கு அயோடின் கொடுத்தபோது, விரும்பியவர்க்கே கொடுத்தனர். உட்கொண்ட 2,190 பேரில் ஐவர்க்கே கழலை தோன்றிற்று. உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்குத் தோன்றிற்று. சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் மலைநாட்டில் எக்கன்பெர்கர் என்னும் மருத்துவர் மக்களிடம் கையொப்பம் திரட்டி, 1922இல் அயோடின் உப்பு விற்கச் செய்தார். அந்நாட்டில் இன்றளவும் அது கட்டாயமன்று. இருவகை உப்பும் கிடைக்கும். ஆயினும், உப்பில் சேர்க்கும் அளவைக் கிலோகிராமுக்கு 3.75 மில்லிகிராமில் தொடங்கிக் காலந்தோறும் ஆய்ந்து உயர்த்தி, 2014இல் 25 மில்லிகிராம் ஆக்கியுள்ளனர். ஆஸ்திரேலியா 2009இல் ரொட்டிக்கு அயோடின் உப்பைக் கட்டாயமாக்கியபோது, இயற்கை வேளாண் ரொட்டிக்கு விலக்கு அளித்து, வேண்டாதார் வெளியேறவும் ஒரு வாயில் வைத்தது. ஆகவே, உரிமையும் நலமும் ஒன்றையொன்று கொல்லும் பகைகள் அல்ல. மக்கள் விழிப்பாக இருக்குமிடத்தில் கட்டாயம் தேவையில்லை. விழிப்பு இல்லாவிடத்தில் கட்டாயம் இல்லாமற்போனால், பிறவாத குழந்தையே அதற்கு விலை கொடுக்கும்.

நம் சிங்கப்பூர்

இனி நாம் வாழும் தீவுக்கு வருவோம். 1950களிலேயே குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்து, குடிமக்கள் அனைவர்க்கும் பல்லின் நலத்தை வழங்கிய ஆசியாவின் முதல் நாடு சிங்கப்பூர். குழாயைத் திறக்கும் எவரும் இன்று அதனை அடிமைத்தனம் என்று எண்ணுவதில்லை. உப்பின் வகையிலோ, சிராங்கூன் சாலைக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் அயோடின் சேர்த்த உப்பும் சேர்க்காத உப்பும் அருகருகே அடுக்கப்பட்டுள்ளன. தெரிந்தெடுக்கும் உரிமை வாங்குவோர் கையில் உள்ளது. உரிமை உள்ள இடத்தில் அறியும் கடமையும் உண்டு.

"நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் அயோடின் குறையுமா?" என்று சிலர் வினவுவர். கடலில் அயோடின் உண்டு. கடலுப்பில் இல்லை எனத்தக்க அளவே உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அயோடினோ சுமார் 50 மைக்ரோகிராம். அது முழுதும் உப்பிலேயே தங்கினாலும், ஒருவர் நாள் முழுதும் உண்ணும் உப்பினால் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். காய்ச்சி எடுக்கையில் அதுவும் குறையும். தம் உடலில் அயோடினைத் திரட்டி வைத்திருப்பவை கடல்வாழ் உயிர்களே. தேக்காச் சந்தையில் கிடைக்கும் கடல்மீன், இறால், நெத்திலி ஆகியவற்றை வாரத்தில் சிலமுறை உண்பவர்க்கு அயோடின் ஓரளவு கிடைத்துவிடும். முட்டையும் பாலும் தயிரும் அடுத்த துணை. கடற்பாசி வகைகளில் மிகுதியாக உண்டு. அதனாலேயே அவற்றை அளவறிந்து உண்ணவேண்டும்.

இவ்வேலிக்கு வெளியே நிற்போர் எவர்? மீனும் முட்டையும் விலக்கிய சைவ உணவினர். அவருள்ளும் பாலையும் விட்டு, அயோடின் சேர்க்காத பாதாம்பால், ஓட்ஸ்பால் அருந்துவோர் இன்னும் அப்பால் நிற்கின்றனர். உயிர்களிடத்து அருள் பூண்டு ஒருவர் கொண்ட நோன்பை நாம் மதிக்கின்றோம். அந்நோன்பு, தம் வயிற்றில் வளரும் உயிருக்குக் குறை செய்யாமலிருக்க, அயோடின் உப்பே அவர்க்கு எளிய துணை. அடுத்து, இயற்கை என்னும் சொல்லில் மயங்கி, இளஞ்சிவப்பு நிறமுள்ள மலையுப்பை மிகுந்த விலை கொடுத்து வாங்குவோர். அது பாறையினின்று வெட்டிய சோடிய உப்பே. தேவைக்கேற்ற அயோடின் அதில் இல்லை. பூசாரி சொன்னதை ஆராயாமல் நம்புவது மூடநம்பிக்கை என்றால், விளம்பரம் சொன்னதை ஆராயாமல் நம்புவதற்கு வேறு பெயர் ஏது? அவர்கள் போற்றும் பாலின் அயோடினும்கூடப் பெரும்பாலும் இயற்கை தந்ததன்று. மாட்டுத் தீவனத்தில் சேர்ப்பதாலும், கறவையில் மடி கழுவும் மருந்தாலும் அது பாலில் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் கழலை மறைந்ததற்கு எவரும் திட்டமிடாத அப்பாலே பெருங்காரணம். தற்செயலாய் வந்தது தற்செயலாய்ப் போகவும் கூடும். 2011இல் அந்நாட்டுப் பள்ளிச் சிறுமியரிடம் அயோடின் குறைவு மீண்டும் காணப்பட்டது.

மூன்றாமவர், தம் உப்பைத் தாம் தெரிந்தெடுக்க இயலாதவர். உணவங்காடியிலேயே மூவேளையும் உண்போர், தங்கும் விடுதியில் பொட்டலச் சோறு பெறும் வெளிநாட்டு ஊழியர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நம்பிய பிள்ளைகள் ஆகியோர் எத்தகைய உப்பை உண்கின்றனர் என்பதை அடுப்பங்கரையில் நிற்பவரே அறிவர். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூர்வாசி ஒருவர் நாள் ஒன்றுக்குச் சராசரி 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். அஃதாவது ஏறத்தாழ 9 கிராம் உப்பு. அவ்வளவு உப்பு உண்டும், அதில் பெரும்பகுதி சோயா சாற்றிலும், நூடல்ஸிலும், கடைக்குழம்பிலும் மறைந்து வருவதால், அதில் அயோடின் உண்டா என்று கேட்க எவர்க்கும் வாய்ப்பில்லை.

"உப்பைக் குறை என்று மருத்துவர் சொல்ல, நீர் உப்பை உண் என்கின்றீரே" என்று எவரும் கருதவேண்டா. உப்பை மிகுதியாக உண்ணுமாறு நாம் சொல்லவில்லை. உண்ணும் சிறிதளவும் அயோடின் சேர்ந்ததாக இருக்கட்டும் என்கின்றோம். உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் இதற்கு வழியும் வகுத்துள்ளது. மக்கள் நாள் ஒன்றுக்கு 10 கிராம் உப்பு உண்ணும் நாட்டில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் அயோடின் போதும். 5 கிராமாகக் குறைத்துக்கொண்ட நாட்டில் 39 மில்லிகிராம் சேர்க்கலாம். உப்புக் குறைய, செறிவு கூடும். வீட்டிலும் சில சிறு கவனங்கள் வேண்டும். அடுப்பருகே திறந்த சாடியில் உப்பை வைக்கும் பழக்கத்தை விட்டு, ஈரமும் வெயிலும் படாமல் மூடிவைத்தலும், சமையலின் இறுதியில் உப்பிடுதலும் நல்லன. சோடியம் குறைந்த புதுவகை உப்பை வாங்குவோர் அதில் அயோடின் உண்டா என்று பையைப் படிக்கவேண்டும். சுரப்பி நோய் உடையோரும் சிறுநீரக நோய் உடையோரும் மருத்துவரைக் கேட்டே நடக்கவேண்டும்.

எவர் கடமை?

இவ்வளவும் சொன்னபின், "ஆகவே தாய்மார்களே, கவனமாயிருங்கள்" என்று முடித்துவிடுதல் எளிது. அது பழைய பழியையே புதிய மொழியில் சொல்வதாகும். முன்னாளில் குறையுள்ள குழந்தையைப் பெற்றவளைப் பாவி என்றோம்; இந்நாளில் அவளையே கவனமற்றவள் என்று சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ளலாகாது. குழந்தையின் அறிவு ஒரு வீட்டின் சொத்து மட்டுமன்று. அது ஊரின் சொத்து. தேக்காவுக்கு அண்மையிலுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தனர். உலகிலேயே ஒரு மருத்துவமனையில் மிகுதியான பிறப்பு என்று அஃது அந்நாளில் பெயர் பெற்றது. அக்குழந்தைகளின் உழைப்பாலும் அறிவாலும் எழுந்தது இந்நகரம். அவர்கள் அறிவைக் காத்தவர்க்கு மட்டுமன்றி, அதன் பயனை நுகர்ந்த நம் அனைவர்க்கும் வரும் தலைமுறைமேல் கடமை உண்டு.

ஆகவே, வீட்டுக்கு உப்பு வாங்கும் ஆடவர் பையைத் திருப்பிப் பார்க்கட்டும். சாப்பாட்டுக்கடை நடத்துவோரும், விடுதிகளுக்குச் சோறு சமைத்து அனுப்புவோரும் அயோடின் உப்பையே வாங்கட்டும். அதனால் அவர்க்கு நேரும் மிகைச்செலவு மிகச் சிறிது. கோயிலில் அன்னதானம் சமைப்போரும், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோரும், குருத்துவாராவில் பொது உணவு ஆக்குவோரும் அவ்வண்ணமே செய்யட்டும். உப்பு சாதி அறியாது, சமயம் அறியாது. எல்லார் கலத்திலும் ஒன்றாகவே கரைவது. சங்கங்களும் மன்றங்களும் ஆண்டுவிழாவில் பேசும் பேச்சுகளுக்கிடையே இதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கட்டும். அரசாங்கமும், உப்புக் குறைக்கும் தன் முயற்சியோடு, குறைந்த அவ்வுப்பு எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்து ஆராயட்டும்.

தோழர்களே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. உண்டவன் நன்றி மறவாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருளாகச் சொல்லிவந்தோம். உப்பிடுபவர்க்கும் அதில் ஒரு கடமை உண்டு என்று இன்று சேர்த்துச் சொல்வோம். நாம் இடும் உப்பை நம் பிள்ளைகள் தம் அறிவு உள்ளளவும் சுமந்து நிற்பார்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது எந்தப் பையை எடுக்கின்றோம் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போமாக.